மூணு பெல்ட் வேலை

டைனமோவையும் தண்ணீர் பம்பையும் ஏசியையும் ஒரே ஆளாகச் சுற்றிவிட்டு, கார் நின்றதும் மூச்சு வாங்கினாள் புதுப் பெல்ட். முன்பு மூன்று பெல்ட்டுகள் பார்த்த வேலை அது.

அந்த மூவரில் ஒருத்தி, கழற்றி ஷெட்டுச் சுவர் ஆணியில் மாட்டியிருந்த பழைய பெல்ட், கேட்டாள்: "ஏண்டி, நீ கத்தவே மாட்டியா? நாங்க காலையில கிறீச்சுன்னு ஒரு கத்து கத்துவோம். தெருவே எட்டிப் பார்க்கும். அன்னைக்கு வண்டிக்கு லீவு."

"தொய்ஞ்சாத்தானேக்கா கத்த முடியும்? லேசாத் தொய்ஞ்சாலே டென்ஷனர் அத்தை இழுத்துப் பிடிச்சுடுறாங்களே!"

"நல்ல வீட்டுப் பொண்ணு தொய்யாது," என்றாள் டென்ஷனர்.

"தங்கம்! இருக்கிற இடமே தெரியாது," என்று குளுகுளுவெனச் சிரித்தார் ஏசி மாமா.

புதுப் பெல்ட்டுக்கு வந்ததே கோபம். அதற்குள் யாரோ சாவியைத் திருப்பினார்கள்.

"இருங்க, சொல்லிட்டு வர்றேன். நான் ஒருத்தி அறுந்தேன்னு வைங்க, மாமா, அத்தை, நீங்க எல்லாரும் அப்புறம் நின்ன இடத்துலேயே..."