இரண்டு பொட்டலம்

புத்தூர் டூரிங் டாக்கீஸில் முதலாட்டம். அசல் படத்துக்கு முன்னால் பழைய யுத்தப் பிரசாரப் படம் ஒன்று ஓடுகிறது. ஜெர்மன்காரன் பிடித்துவைத்திருக்கும் ஊரில், இங்கிலீஷ்காரன் அனுப்பிய உளவாளி ஒரு பெண்ணின் வீட்டுப் பரணில் ஒளிந்திருக்கிறான். காற்றில் திரைத்துணி உப்பி அடங்கும்போது அந்த வீடே மூச்சு விடுகிறது. பெண்கள் பக்கத்து மணலில் ரத்னம்மா உட்கார்ந்திருக்கிறாள். புத்தூரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்கும் எல்லைப் போராட்டத்தில் ரயிலை மறித்ததற்காகப் போலீஸ் தேடும் அவள் புருஷன் கோவர்த்தனனும் வீட்டுப் பரணில்தான் இருக்கிறான். எங்கும் போகாமல் அடைந்து கிடந்தால் சந்தேகம் வரும் என்று அவன்தான் அவளைப் படத்துக்கு அனுப்பினான். மடியில் வேர்க்கடலை சுடுகிறது. பழக்கத்தில் இரண்டு பொட்டலம் வாங்கிவிட்டாள். திரையில் ஜெர்மன் சோல்ஜர் ஒருவன் சமையலறைக்குள் வருகிறான். ஈரம் காயாத தட்டைத் தூக்குகிறான். அடியில் இன்னொரு தட்டு. "ஒண்டிப் பொம்பளைக்கு ரெண்டு தட்டு எதுக்குன்னு கேக்கறான்" என்று மைக்கில் கதை சொல்பவர் சொல்ல, கொட்டகை சிரிக்கிறது. குட்டைத் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பகுதியில், நாற்காலியில் இருக்கும் கான்ஸ்டபிள் சிரிக்கவில்லை. அவள் மடியைப் பார்க்கிறார்.

"இன்னொண்ணு யாருக்குமா?"

"எனக்குத்தாங்க. காலைலேருந்து ஒண்ணும் துன்னல."

"அப்ப துன்னு."

முதல் பொட்டலம் தீர்கிறது. இரண்டாவதைப் பிரிக்கிறாள். ஒவ்வொரு கடலையாக வாயில் போட்டு மெல்கிறாள். திரையில் சோல்ஜரின் கண் மெல்லப் பரணுக்கு ஏறுகிறது. கான்ஸ்டபிள் படத்தைப் பார்க்கவில்லை.