ஏஐ வருது, ரூல் சொல்லுங்க!

"சாஃப்ட்வேர் கோடு எழுத ஏஐ வரப்போகுது. அதுக்குப் பொதுவா ரூல்ஸ் வேணும், சொல்லுங்க" என்றாள் டீம் லீடர்.

"கேக்காம அடுத்தவங்க கோடுல கை வைக்கக் கூடாது" என்றார் சீனியர், எதிர் சீட்டுத் தாடிக்காரனை முறைத்தபடி.

"டெஸ்ட் பண்ணாம முடிஞ்சுதுன்னு அளந்துவிடக் கூடாது" என்று தாடிக்காரன் திருப்பிக் கொடுத்தான்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள். "நம்மளப் பாத்துதான் அது கத்துக்குமாம். வர்ற வரைக்கும் நாமளும் இப்படியே இருப்போம்."

அன்றிலிருந்து அறையில் சண்டை ஓய்ந்தது. தாடிக்காரன் கேட்டுவிட்டே சீனியரின் கோடில் கை வைத்தான். சீனியர் டெஸ்ட் செய்துவிட்டே வாய் திறந்தார்.

மாதக் கடைசியில் மேனேஜர் அவளைத் தனியே அழைத்தார்.

"உன் டீம்ல பிரமாதமா வேலை நடக்குதும்மா! மத்த டீமெல்லாம் ஏஐ கேட்டு உயிரை வாங்குறாங்க. நீ மட்டும் கேக்கவே இல்லையே, உனக்கும் வாங்கட்டுமா?"

"வேணாம் சார்" என்றாள் அவள் அவசரமாக. "வரப்போகுதுங்கிறதே நல்லா வேலை செய்யுது!"