ஏழரைக்குக் கரண்ட் போகும்

“இன்னா பண்ணுவியோ தெரியாது நைனா, ஏழரைக்குக் கரண்ட் போறதுக்குள்ள ரெடி பண்ணிடு. இருட்டுல ஒண்டியா குந்திகினு இருக்க என்னால ஆவாது” என்றாள் சாராள்.

யுபிஎஸ்ஸைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றினான் ரிப்பேர்க்காரன் ஸ்டான்லி. செங்கல்பட்டில் இருந்து பஸ் பிடித்து மாமல்லபுரம் வந்திருந்தான். உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பிக் கிடந்தது.

“இது எப்பவோ செத்துப்போச்சும்மா. கம்ப்யூட்டர் எங்க?”

“புள்ள சிறுசேரிக்கு வேலைக்குப் போச்சொல்ல எடுத்துகினு பூட்டான். இத்த மட்டும் வுட்டுட்டான். டி.வி.க்கு மாட்டிக்கினேன்.”

அடுப்படியில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர். பாவம், ஒண்டிக்கட்டை என்று அவனுக்கு மனசு கஷ்டமாயிருந்தது. கூடத்தில் எட்டு நாற்காலி எதற்கென்றுதான் விளங்கவில்லை.

“கரண்ட் போனா கேபிளும் போயிடுமேம்மா?”

“எங்களுக்குப் போவாது. ஒரே மீட்டர்ல நாலு வூடு, எல்லா வூட்லயும் டி.வி. கீது. கரண்ட் கீறப்ப ஒருத்தியும் எட்டிப் பாக்கமாட்டா. போச்சுன்னா, சீரியல் பாக்க அத்தினி பேரும் இங்கதான். போன வாரம் பாதியில இது கத்திட்டு நின்னுபோச்சு. எல்லாரும் எழுந்து பூட்டாங்க.” காலியாகக் கிடந்த நாற்காலிகளை அவள் வரிசையாக நகர்த்திப் போட்டாள்.

சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்திருந்த புது பேட்டரியை மாட்டினான்.

“செத்த குந்து, மூஞ்சி கழுவிகினு வந்துர்றேன்” என்று சாராள் கொல்லைப்பக்கம் போனாள்.

ஏழரை. சொல்லிவைத்தாற்போல் விளக்கு அணைந்தது. யுபிஎஸ் ஒருமுறை கத்திவிட்டு டி.வி.யைத் தாங்கிக்கொண்டது.

“சாராக்கா, கரண்ட் பூடுச்சு!” இடுப்பில் குழந்தையோடு சிநேகா வந்தாள். பின்னாலேயே ஜெகதாம்பாள், ஞானம்பாள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். எட்டு நாற்காலியும் நிறைந்துவிட்டது. எல்லோருக்கும் செம்பில் தண்ணீர் கொடுத்த சாராளின் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

பையை மாட்டிக்கொண்ட ஸ்டான்லிக்கு ஒரே கவலை. வாசலுக்கு வந்தவளிடம் மெல்லச் சொன்னான்: “பேட்டரி அரை மணிதாம்மா தாங்கும். அதுக்குள்ள கரண்ட் வரலன்னா மறுபடி நின்னுபோவும்.”

அவள் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“பயப்படாத நைனா. சீரியல் முடிஞ்ச கையோட நான்தான போயி ஃபீஸ் கட்டைய மாட்டப்போறேன்!”