மூப்பர் வரிசை

"கைப்பையை மேஜை மேல வையும்மா" என்றார் சபை மூப்பர்.

நர்ஸ் வைத்தாள். ஆராதனை முடிந்து சனமெல்லாம் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்க, ஆலயத்தின் பின்னறைக்கு அவளை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். ஆணிகளில் பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கின. கழுவிக் கவிழ்த்த திருவிருந்துக் கிண்ணங்களிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

பைக்குள் ஒரு சீப்பு, பஸ் பாஸ், மருந்து வாசனையோடு ஒரு கைக்குட்டை. மூப்பர் கைக்குட்டையை இரண்டு விரலால் பிரித்தார். உள்ளே நகத்தளவு திருவிருந்து அப்பத்துண்டு இருந்தது.

"பாருங்க ஐயா. நான் சொன்னப்ப நீங்க நம்பலை" என்று போதகர் பக்கம் திரும்பினார்.

சபையார் மூப்பருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் 'பதினொன்றாம் கட்டளை'. பத்து அவருக்குப் போதவில்லை என்பார்கள். ஆனால் மனிதர் ஊருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இருப்பவர் அல்ல. மழையோ காய்ச்சலோ, சனிக்கிழமை சாயங்காலம் வந்து மறுநாளைக்கான அப்பத்தைத் தன் கையாலேயே வெட்டி, வெள்ளைத் துணி போட்டு மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அதை ஒருத்தி கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு போனால் அவருக்கு வயிறு எரியாதா?

போதாக்குறைக்கு, இவளைச் சபையில் சேர்க்கும்படி பரிந்து பேசியவரே அவர்தான்.

அப்பத்தைக் கொடுத்த இடத்திலேயே உண்ண வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது சபை விதி. அவள் பாதியை வாயில் போட்டு, பாதியை உள்ளங்கையில் மறைப்பதைச் சில வாரங்களாகவே மூப்பர் கவனித்துவந்தார். அதைவிட அவரை உறுத்தியது வேறொன்று. பீடத்தின் முன்னால் போதகர் ஒரு பக்கம், மூப்பர் ஒரு பக்கம் நின்று அப்பம் கொடுப்பார்கள். போதகர் வரிசை காலியாகக் கிடந்தாலும் இவள் காத்து நின்று மூப்பர் வரிசையில்தான் வருவாள். என்ன நெஞ்சழுத்தம் என்று அவர் பொருமினார்.

போதகர் தன்மையாகத்தான் விசாரித்தார். யாராவது நோயாளிக்கா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வந்து கொடுத்திருப்பேனே என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாயத்துக்குள் வைத்துக் கட்டவா என்று பொருளாளர் கேட்டதற்கு மட்டும் பதறிப்போய் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"பின்ன யாருக்கு?" என்றார் மூப்பர்.

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேங்க ஐயா."

பாவம், அவளுக்கு அப்பா அம்மா கிடையாது. வேலை தேடி வந்த இடத்தில் இந்தச் சபையை விட்டால் வேறு நாதி இல்லை. அடுத்த மாதம் இதே பீடத்தின் முன்னால் அவளுக்குக் கல்யாணம். சபையை விட்டு விலக்கினால் அதுவும் போச்சு என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

விலக்கப்பட்டவர் திரும்ப வருவதற்கும் விதி இருந்தது. ஆராதனையில் எழுந்து நின்று, தான் செய்தது பாவம் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதுவரை அப்பம் கிடையாது.

பொருளாளர் கொஞ்சம் பயந்த சுபாவம். போன தடவை இப்படி ஒருத்தரை விலக்கி என்ன கண்டோம் என்று இழுத்தார். அப்போது விலக்கப்பட்டவர், புருஷன் விட்டுவிட்டுப் போன பெண்ணைக் கட்டிக்கொண்டவர். அவளைக் கட்டினது பாவம் என்று என் வாயால் சொல்ல மாட்டேன் என்று இறங்கிப் போனவர், இன்றுவரை இந்தப் படியை மிதிக்கவில்லையே என்றார். சொல்லிவிட்டு மூப்பர் முகத்தைப் பார்த்தவர், அவசரமாகக் கிண்ணங்களைத் துடைக்கப் போய்விட்டார்.

"விதி விதிதான். ஆள் பார்த்து மாத்த முடியாது" என்றார் மூப்பர்.

போதகர் தடுத்திருக்கலாம். நல்ல மனிதர்தான், ஆனால் மூப்பரை எதிர்த்துப் பேசும் தைரியம் மட்டும் அவருக்கு என்றைக்கும் வந்ததில்லை.

ஆக, முடிவாகிவிட்டது. வருகிற ஞாயிறு முதல் அவளுக்கு அப்பம் இல்லை, கல்யாணத்துக்கும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியது. அவள் அழுதாள். ஆனால் அவள் கெஞ்சியது கல்யாணத்துக்காக இல்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு துண்டு குடுங்கய்யா. அதுக்கப்புறம் தேவைப்படாது. டாக்டர் கையை விரிச்சுட்டாரு."

மூப்பருக்குப் பொறுமை போய்விட்டது. தப்பும் பண்ணிவிட்டு இப்போது பேரம் வேறா என்று மேஜையைத் தட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. போதகர் வரிசை காலியா இருக்கறப்ப, என் கையிலேயே வாங்கி என்னையே ஏமாத்த உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேஜை மேல் கிடந்த அப்பத்துண்டைக் கைக்குட்டையில் வைத்து மறுபடி மடித்தாள். பிறகு முதல் தடவையாக மூப்பரை நிமிர்ந்து பார்த்தாள்.

"'அண்ணன் கையால வாங்கினதுதானே'ன்னு கேட்டுட்டுத்தான் வாயில வைக்கிறாருங்க, உங்க தம்பி."