பதினேழாம் நம்பர் முத்திரை

“பிரேக் பிடிக்கவே இல்ல! என் தம்பிக்கு இந்த வண்டியை வித்து, அவன் உயிரோட விளையாடுறீங்களா?” என்று காரிலிருந்து இறங்கியவள் கதவை அறைந்து சாத்தினாள்.

பழைய கார் வியாபாரிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. “கதவை உடைச்சிடாதம்மா! சின்ன வண்டின்னாலும் சீறிப் பாயும். பிரேக்கைப் பத்தி உனக்கென்ன தெரியும்? செவ்வாய்க்கிழமை சோதனையில பாஸான வண்டி இது. இந்தா, சர்டிபிகேட்!”

“யாரு சோதிச்சது?”

“முத்திரையைப் பாரு. பதினேழாம் நம்பர் இன்ஸ்பெக்டர். ரொம்பக் கறாரான மனுஷன். வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்துட்டுத்தான் குத்தினாரு. நான் பக்கத்துலயே நின்னேன்.”

அவள் கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவள் படத்துக்குக் கீழே, ‘வாகனச் சோதனை இன்ஸ்பெக்டர், எண் 17’ என்றிருந்தது.

“செவ்வாய்க்கிழமை நான் லீவு. அடியில படுத்தது யாருய்யா?”