ஞாயிற்றுக்கிழமை எதிரிகள்

“இன்னிக்குத் தோத்தே, நாளையிலேர்ந்து கணக்கு டியூஷன்தான். டென்னிஸ் ராக்கெட் பரணுக்குப் போயிடும்.”

மகளின் ஷூ லேஸை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார் மருந்துக்கடைக்காரர். இழுத்த இழுப்பில் சிட்டுவின் காலே நெரிந்தது.

“ஐயோ, வலிக்குதுப்பா! ஜாலிக்குத்தானே டீம்ல சேர்ந்தேன்?”

“ஜாலியா? அங்க பாரு, ஜாலியை.”

வேலியோரத்தில் பல் டாக்டர், தன் மகள் வாலுவின் காதில் எதையோ ஓதிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் அப்பாக்கள் இருவரும் ஒரே பெஞ்ச். ஒரு மார்க் கூடுதலாக வாங்கி அவர் டாக்டர் ஆகிவிட்டார். அவர் கிறுக்கி அனுப்பும் சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை இவருக்கு வாய்த்தது. அந்த ஒரு மார்க் இன்னும் இவர் தொண்டையில்தான் நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

போன ஞாயிறு வாலு ஜெயித்தாள். அந்த வாரம் பூராவும் டாக்டர் கடைக்கு வந்து வந்து பல்லைக் காட்டிவிட்டுப் போனார். அதற்கு முந்தின ஞாயிறு ஜெயித்தது சிட்டு. அப்போது இவர் சும்மா இருந்தாரா என்று கேட்காதீர்கள்.

ஜூனியர் அணியின் பயிற்சி ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. பந்து யார் பக்கம் விழுகிறதோ, அவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. கடைசி பாயின்ட். சிட்டு ஓங்கி அடித்தாள். பந்து கோட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே விழுந்ததை மருந்துக்கடைக்காரரே பார்த்தார். போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்! உள்ளதான் விழுந்துது. நீ ஜெயிச்சுட்டே,” என்றாள் வாலு.

டாக்டர் வேலியைப் பிடித்து உலுக்கினார். “அடியே, கண்ணைத் திறந்து பாரு! அவுட்டுடீ அது!”

“சார், தீர்ப்பு அவ கையில. பெத்தவங்க வாய் வேலிக்கு வெளியில,” என்றார் கோச்.

மருந்துக்கடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. “பொண்ணை ஒரு நல்ல கண் டாக்டர்கிட்ட காட்டுடா. சொட்டு மருந்து நம்ம கடையிலயே இருக்கு.”

“ஓசியில ஜெயிச்சுட்டுப் பேச்சைப் பாரு! அடுத்த வாரம் இருக்குடா உனக்கு!” டாக்டர் காரில் போய் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்திக் கிளம்பிப் போனார்.

இவர் மகளின் முதுகில் தட்டினார். “டியூஷன் கிடையாது. நீ டீம்லயே இரு. அவ இடது பக்கமாவே அடின்னு சொன்னேன்ல? எல்லாம் அப்பா மூளை!”

“ஆமாம்பா.” சிட்டு தலையைக் குனிந்துகொண்டாள். என்ன அடக்கம் என்று பூரித்துப் போனார். “நீங்க கிளம்புங்கப்பா. எல்லாரும் சேர்ந்து பந்து பொறுக்கி வச்சுட்டு மெதுவா வரேன்.”

விசிலடித்தபடி வண்டி வரைக்கும் போனவர், பையைத் தடவிப் பார்த்தார். சாவி பெஞ்சிலேயே கிடக்கிறது. திரும்பி நடந்தார்.

வேலியை மறைத்த பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். அவர் நின்றார்.

“தோத்தா டியூஷன்னு மிரட்டினாருடி. நல்லவேளை, இன்னிக்கு எங்கப்பா முறை.”

“அடுத்த வாரம் எங்கப்பா ஜெயிக்கணும், மறந்துடாதே. பாவம், முகமே சுண்டிப் போச்சு.”

“சரி சரி. ரெண்டு பேரும் போயிட்டாங்களா?”

“போயாச்சு.” பந்து ஒருமுறை தரையில் தட்டும் சத்தம் கேட்டது. “எந்திரி. இப்ப நிஜமா ஆடலாம்.”