பத்து மணி விருந்தாளி

"அப்பா, முன்னறையில உக்காந்து படிக்கட்டுமா?"

"விருந்தாளி வந்தா எங்கேம்மா உக்காருவாங்க?"

"வந்தா எழுந்துக்கறேன்பா."

"நீ எழுந்துப்ப. சோஃபாவுல விழுந்த குழி எழுந்துக்குமா?"

ஏழு வருஷத்துக்கு முன்னால் மூத்த மகளிடம் சொன்ன அந்தப் பதிலை நினைத்து, டிக்கெட்காரர் இப்போதும் தனக்குள் சிரித்துக்கொண்டார். சோஃபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிக்கொண்டிருந்த கை ஒரு நொடி நின்றது. அன்றைக்கு அப்புறம் அந்தப் பெண் முன்னறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. படிப்பையும் அத்தோடு மூட்டை கட்டிவிட்டு, தையல் கம்பெனிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

சினிமா தியேட்டரில் டிக்கெட்டைக் கிழித்து, டார்ச் அடித்து, ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் இடம் காட்டுவது அவர் வேலை. நம் வீட்டுக்கு வருகிறவர்களையும் இப்படி மெத்தென்று உட்கார வைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு அங்கேதான் பிடித்தது. வீட்டில் இருந்ததே இரண்டு அறை. முன்னறையில் சோஃபா, கண்ணாடி அலமாரி, தலையில் இடிக்கிற உயரத்தில் ஒரு சரவிளக்கு. வீட்டம்மாள் தன் பங்குக்கு முப்பத்தாறு பீங்கான் கோப்பைகள் வாங்கி அலமாரியில் அடுக்கினாள்.

கோப்பைகள் வந்த வருஷம் பையனின் பள்ளிக்கூடம் நின்றது. சரவிளக்கு வந்த வருஷம் சின்னவளின் மூக்குக்கண்ணாடி தள்ளிப்போனது. அவள் இன்னும் கரும்பலகையைக் குத்துமதிப்பாகத்தான் படிக்கிறாள்.

ஐந்து பேருக்கும் சமையலறையில்தான் குடித்தனம். ஒருவர் காலை நீட்ட வேண்டுமென்றால் இன்னொருவர் மடக்க வேண்டும். வாசல் கதவு விருந்தாளிகளுக்கு, பின்கதவு வீட்டாருக்கு. பதினோரு வருஷத்தில் வாசல் வழியாக வந்தவர் கரண்ட் மீட்டர் பார்க்கிறவர் ஒருவர்தான். அவரும் உட்காரவில்லை.

போன மாதம் மூத்தவள் அம்மாவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தாள். "வீட்டுல மெஷின் போட இடமிருந்தா, ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் மொத்தமும் கம்பெனியில எனக்கே தர்றாங்களாம்மா. மெஷினும் அவங்களோடது. தம்பியை மறுபடி படிக்க அனுப்பலாம். இந்த மாசத்துக்குள்ள சொல்லலைன்னா வேற யாருக்கோ போயிடும்."

"மெஷினுக்கு எங்கடி இடம்? நமக்கு நிக்கவே இடமில்லையே" என்று வீட்டம்மாள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். டிக்கெட்காரரும் வருத்தப்பட்டார். இரண்டு பேரும் முன்னறைக் கதவில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் வருத்தப்பட்டார்கள். மூத்தவள் அந்தக் கதவையே பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

புதன்கிழமை அந்த போன் வந்தது. யாரோ ஒரு பெண்மணி.

"ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு உங்க வீட்டுக்கு ஒரு விருந்தாளி வரலாமா சார்?"

"தாராளமா வரச் சொல்லுங்க."

"கொஞ்ச நாள் இருப்பாங்க. ஜன்னல் பக்கமா ஒரு மேஜை, ஒரு பிளக் பாயிண்ட். வேற ஒன்னும் வேண்டாம்."

யார், என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டால், இந்த வீட்டுக்கு விருந்தாளியே வருவதில்லை என்பது வெளியே தெரிந்துவிடாதா?

"எந்நேரமும் லேப்டாப்பும் கையுமா இருக்கிற பெரிய மனுஷங்க போலிருக்கு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஜன்னலை மறைத்து நின்ற அலமாரியைத் தானே முக்கி முனகி நகர்த்தினார். பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு மேஜையும் வாங்கிப் போட்டார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் வெயில் வந்தது.

இன்று ஞாயிறு. மூத்தவள் விடிந்ததும் ஓவர்டைம் என்று கிளம்பிப் போயிருந்தாள்.

"நல்லதாப் போச்சு. இருந்தா சாயம் போன துணியோட எதிர்ல வந்து நிப்பா" என்றபடி வீட்டம்மாள் பதினேழாவது கோப்பையைத் துடைத்தாள். அப்புறம் பையனையும் சின்னவளையும் சமையலறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினாள். "மூச்சு விடற சத்தம் கூட வெளிய வரக் கூடாது."

"எவ்வளவு நேரத்துக்கும்மா?"

"அவங்க கிளம்பற வரைக்கும்."

"கொஞ்ச நாள் தங்குவாங்கன்னு அப்பா சொன்னாரே?"

"எதிர்த்துப் பேசாதே."

சரியாகப் பத்து மணிக்கு எங்கோ கிணுகிணு என்று ஒரு சத்தம் கேட்டது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசல் மணிக்கு இப்படி ஒரு சத்தம் என்பதே அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

டிக்கெட்காரர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தியேட்டரில் குனிகிற அதே குனிவோடு கதவைத் திறந்தார்.

மூத்த மகள் நின்றிருந்தாள்.

"நீயா? பின்பக்கமா போம்மா. விருந்தாளி வர்ற நேரம்" என்று பல்லைக் கடித்தார்.

அவள் நகரவில்லை. தெருவில் ஒரு வேன் நின்றது. சாக்கு சுற்றிய கனமான சாமானை இரண்டு பேர் மெல்ல இறக்கினார்கள். சாக்கு விலகிய இடத்தில் தையல் மெஷினின் சக்கரம் பளபளத்தது.

வேனுக்குள்ளிருந்து, போனில் கேட்ட அதே குரல் வந்தது. "ஜன்னல் பக்கம் மேஜை போட்டாச்சா சார்?"

டிக்கெட்காரர் திரும்பி மேஜையைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். கடைசி நம்பிக்கையாக, மகளின் தோளுக்கு மேலே தலையை நீட்டித் தெருவைக் கோடி வரைக்கும் பார்த்தார்.

"அப்போ, விருந்தாளி எங்கே?"

மகள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"நான்தான்பா. இடம் காட்டுங்க."